வாய்க்காலோடு போன தங்கை

என் தங்கைக்கு அப்போது ஏழு வயது இருக்கும். எனக்குப் பன்னிரண்டு. அவள் பேசமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது கேட்கவில்லையோ என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவளுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்த டாக்டர், காதெல்லாம் நன்றாகவே கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது எங்களுக்கே தெரிந்ததுதான். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தால்கூட இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்பது வெகு காலம் கழித்து, என் தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அவளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, “அது ஒரு மாதிரிங்க” என்பதோடு பதில் முடிந்துவிடும்.

அவளுக்கு விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருக் குழாய் திறந்திருக்கிற வரைக்கும் எதிரில் நிற்பாள். தண்ணீர் நின்றுவிட்டால் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பாள், கீழே குனிந்து பார்ப்பாள், அது எங்கே போனது என்று தேடுவாள். யாராவது அதட்டினாலோ கத்திக் கூப்பிட்டாலோ எதிரில் வண்டி வருகிறதா, பள்ளம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காமல் ஓடுவாள். உயரமோ ஆழமோ அவளைப் பயமுறுத்தியதில்லை. தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அம்மா மட்டும் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாள்.

எங்கள் வீடு கீழ்பென்னாத்தூர் போகிற சாலையில், ரயில்வே கேட்டுக்கு ஊர்ப்பக்கமாக இருந்தது. அப்பா ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விடியும் முன்னால் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தங்கைக்கு எட்டக்கூடாது என்று கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கொல்லைப்புறத்தில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். தெருக் கதவு திறந்து கிடந்தது. அதன் ஓரமாக, சமையலறையில் இருக்க வேண்டிய மண்ணெண்ணெய் டின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஏறித் தாழ்ப்பாளைத் தள்ள அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அம்மா கையைக்கூடக் கழுவவில்லை. “நீ கொழாய்க்குப் போ. நான் கொளத்துக்குப் போறேன். பேரச் சொல்லிக் கத்தாத” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

குழாயடியில் யாரும் இல்லை. தண்ணீர் நின்று வெகுநேரம் ஆகி, தரைகூடக் காய்ந்திருந்தது. நான் குளத்தை நோக்கி ஓடினேன். அம்மா படித்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர், காலையிலிருந்து எந்தக் குழந்தையும் அந்தப் பக்கம் வரவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அம்மா அதை நம்பலாமா கூடாதா என்பதுபோலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தூரத்தில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் ஓடினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் கடந்து, புகை மட்டும் நின்றிருந்தது. கேட்டைத் திறந்துகொண்டிருந்தவரிடம் அம்மாவால் முழுதாகக் கேட்கக்கூட முடியவில்லை.

“பச்சப் பாவாட போட்ட பாப்பாவா? இதுக்கு முன்னாடி ஒரு ரயிலு போச்சே, அதுக்கப்புறம் கேட்டத் தெறந்தப்பவே போயிடுச்சும்மா. ஒரு கரும்பு வண்டி பின்னாலயே போச்சு. வண்டிக்காரன் பொண்ணுன்னு நெனச்சிட்டேன்.”

“தண்டவாளத்து மேல போவலியே?”

“இல்ல இல்ல. ரோட்டோடதான்.”

கேட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பயிர் வைத்த கொல்லைதான். வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பருவம். அந்தப் பக்கத்துக் கிணறுகள் எதற்கும் சுவர் கிடையாது. தரையோடு தரையாக, பெரிய சதுரமாக வாய் திறந்து கிடக்கும். பக்கத்தில் போகிற வரைக்கும் அங்கே கிணறு இருப்பதே தெரியாது. எத்தனை கிணறு இருக்கும் என்று நான் நினைக்க ஆரம்பித்தேன், பிறகு நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அம்மா சாலையோரத்து வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றிரண்டு வறண்டு கிடந்தன. ஒன்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரைச் சேற்றில் சின்னப் பாதம் ஒன்று பதிந்திருந்தது. தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துப் போயிருந்தது.

அந்த வாய்க்காலோடு நடந்தோம். முதலில் கிணற்றுச் சகடை கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளைப் பார்த்தோம்.

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கயிறு சகடையில் ஏறி, கிணற்றிலிருந்து பெரிய வாளி மாதிரியான சால் மேலே வந்து, தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னால் நடந்து ஏறினால் சால் மறுபடி கீழே போகும். அந்தத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில், ஒரு கல்லின்மேல், என் தங்கை குந்தியிருந்தாள். ஒரு பக்கம் தண்ணீர் விழுகிறது. மறு பக்கம் ஒன்றுமே இல்லை, வெகு கீழே கறுப்பாகத் தண்ணீர். மாடு ஓட்டுகிறவர் கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி இருந்ததால் அவளைப் பார்க்கவேயில்லை.

எங்களைக் கண்டு திரும்பியவர் அவளையும் கண்டார். பதறிப்போய் மாடுகளைச் சரிவின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

சகடைச் சத்தம் நின்றது. தங்கை எழுந்து நின்றாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு கிணற்றுப் பக்கம் திரும்பி, பாதிக் கிணற்றில் தொங்குகிற சால் எங்கே என்று பார்க்கக் குனிந்தாள்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. “நிறுத்தாதீங்க. ஓட்டுங்க.”

“கொழந்த உள்ள உழுந்துடும்மா.”

“தண்ணி நின்னாதான் உழுவா. ஓட்டுங்கய்யா.”

அவர் மாட்டைத் தட்டினார். சகடை கிறீச்சிட்டது. சால் ஏறி வந்து கொட்டியது. தங்கை மெல்ல, அதே கல்லில், மறுபடி குந்தினாள்.

அந்த நேரம் பார்த்துச் சாலைப் பக்கமிருந்து அவள் பெயரைக் கூவுகிற சத்தம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்து, “போயி நிறுத்து” என்றாள். கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். முன்னால் வந்த பக்கத்து வீட்டு அக்கா அடுத்த கூப்பாட்டுக்கு வாயைத் திறந்தபோது, என் கையால் அந்த வாயைப் பொத்தினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுத் திட்ட வந்தவர், கிணற்றைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். கொல்லையில் சகடையைத் தவிர வேறு சத்தமே இல்லை.

அம்மா வாய்க்காலுக்குள் இறங்கி, தங்கையின் பார்வைக்கு எதிரிலேயே நடந்து போனாள். தொட்டியோரம் வந்ததும் அவளைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சால் வந்து கொட்டியது. அம்மா நகரவில்லை. இன்னொரு சால் வந்தது. தங்கையின் கண் தண்ணீரோடு இறங்கியபோது அம்மா அவளை இடுப்பில் வளைத்து, அப்படியே பின்புறமாக வாய்க்காலில் சரிந்தாள். தங்கை அலறிக்கொண்டு அம்மாவின் முன்கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அம்மா விடவில்லை. வரப்புக்கு வந்து சேரும்வரை மாட்டுக்காரரும் கவலையை நிறுத்தவில்லை.

பிறகு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “எவ்ளோ நேரமா குந்தினு இருந்துச்சோ தெரியலியே. நான் திரும்பியே பாக்கலம்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வழியில் பக்கத்து வீட்டு அக்கா, “கால்ல ஒரு கயிறு போட்டுக் கட்டி வெச்சிடும்மா. எல்லாருக்கும் நிம்மதி” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

“கயிறு அவுந்தா எங்க போவான்னு தெரியணுமேக்கா எனக்கு” என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே தங்கையை அந்தக் கொல்லைக்குக் கூட்டிப்போகக் கிளம்பினாள். முந்தின ராத்திரியே அதைக் கேட்டு அப்பாவுக்குக் கோபம். “அதே கெணத்துக்கா?” என்றார். “நான் கூட்டினு போவலன்னா அவளே போவா” என்றாள் அம்மா. போய்ப் பார்த்தால், மாட்டுக்காரர் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்த இடத்தை முள்ளால் அடைத்து வைத்திருந்தார். தண்ணீர் வாய்க்காலில் விழுகிற இடத்தில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். வாராவாரம் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள்.

கேட்டுக்காரர், சைக்கிள் கடைக்காரர், டீக்கடைக்காரர் என்று சாலையோரத்தில் இருந்த எல்லோரிடமும் அம்மா தங்கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். “கூப்ட்டா வரமாட்டா. கத்தாதீங்க, கையப் புடிக்காதீங்க. எதுர்ல நின்னு சொம்புல தண்ணி ஊத்துங்க, நிப்பா.” சிலர் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவள் தப்பிப்போன இரண்டு முறையும் கேட்டுக்காரர்தான் காப்பாற்றினார். ஒரு முறை நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, குடத்திலிருந்து சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். ரயில் அவர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தங்கை இரண்டு காதையும் பொத்தியபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வருஷம் கழித்து அந்தக் கொல்லையில் ஆயில் எஞ்சின் வைத்தார்கள். தண்ணீர் முன்னைவிட ஜாஸ்தியாகக் கொட்டியது. ஆனால் எஞ்சின் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஒரே நாளில் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். தொல்லை விட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார். அம்மா படவில்லை. “இனிமே எங்க போவா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த மாதம் முழுக்க அம்மா சாயங்காலங்களில் கதவைத் தானே திறந்துவிட்டாள். தங்கை முன்னால் நடக்க, அவளுக்குத் தெரியாதபடி நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். சில நாள் குழாயடியோடு திரும்பிவிடுவாள். ஒரு நாள் மழை பெய்து விட்டிருந்தது. குழாயடியைத் தாண்டினாள், கடைத்தெருவைத் தாண்டினாள், பெரிய கோயில் மதிலோரமாகவே போனாள். பிறகு ஓடைத் தண்ணீர் இறங்கி வருகிற சந்தில் மலையைப் பார்த்துத் திரும்பினாள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “வேகமா வா. சத்தம் போடாத” என்றாள்.