மண்மூட்டை அடுக்கிய யன்னல்

முதலில் போனது பெயர்கள். நல்லூரில் நான் கணிதம் படிப்பித்த ரியூசன் வகுப்பில், இரண்டு வருடமாக முன்வாங்கில் (முதல் பெஞ்சு) இருந்த பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தேன், பெயர் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு வயதில் மூளை மங்குமா?

பிறகு நித்திரை போனது. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்து பகலில் தூங்கி வழிந்தேன். காரணமில்லாமல் அழுதேன், ஏசினேன். கண்டவர்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வல்லாரை தின்னச் சொன்னார்கள். மூன்று மாதம் ஆடு மாதிரித் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். தைரொயிட்டை (கழுத்துச் சுரப்பி) தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“ரீச்சர், பகலிலை எங்கை இருக்கிறனீங்கள்?”

எங்கே இருப்பது? அடுத்த ஒழுங்கையில் குண்டு விழுந்த அன்றே என் கணவர் யன்னல்களுக்கெல்லாம் மண்மூட்டை அடுக்கிவிட்டார். என் பழைய சேலைகளைக் கிழித்து அவரே தைத்த மூட்டைகள். மாலையில் ஒரு மணித்தியாலம் வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் உள்ளே. மத்தியானத்திலும் போத்தல் விளக்கில்தான் விடைத்தாள் திருத்தினேன்.

காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் உயிர்க்கடிகாரம் (விழிப்பையும் உறக்கத்தையும் வகுக்கும் உடலின் ஒழுங்கு) தடம் மாறும், நித்திரையும் மனமும் ஞாபகமும் அதோடு குழம்பும் என்றார் டொக்டர். மருந்து, காலையில் அரைமணி நேரம் முற்றத்தில் இருப்பது. நல்ல மருந்து! வானம் வெளித்தால்தானே பொம்பரும் (குண்டுவீச்சு விமானம்) வரும்.

கணவர் மறித்தார். நான் வீம்புக்கு முற்றத்தில் கதிரை போட்டேன். இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் (பதுங்குகுழி) ஓடினேன். ஓய்ந்ததும் திரும்பி வந்து இருந்தேன். ஐந்தாம் கிழமை (வாரம்) நித்திரை வந்தது. பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. உங்களுக்கும் இப்படியென்றால் டொக்டரிடம் போங்கள். போகுமுன் உங்கள் யன்னலை ஒருதரம் பாருங்கள்.

கணவரைத்தான் என்னால் வெளியே கொண்டுவர முடியவில்லை. என்னைக் காப்பாற்ற மூட்டை அடுக்கிய மனிதர், வேலைக்கும் போகாமல் அந்த இருட்டுக்குள்ளேயே இருக்கிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். கெஞ்சினேன், ஏசினேன். ஒருநாள் மூட்டைகளை இழுத்து விழுத்தினேன். அவர் திரும்ப அடுக்கினார். அவர்மேல் ஆத்திரம் வருகிறது. நான் மட்டும் தேறிவிட்டேனே என்று என்மேலும் வருகிறது.

இப்போது எனக்கு மணிக்கூடு தேவையில்லை. முதுகில் ஏறும் சூடே நேரம் சொல்லும். நேற்று, சோறு வடித்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். வெயில் உச்சந்தலையைச் சுட்டது. அவர் உள்ளேயிருந்து கேட்டார்:

“இஞ்சரும், விடிஞ்சிட்டுதோ?”

“ஓம்,” என்றேன். “இப்பத்தான்.”