வாடகை வீட்டில் வைத்த இமாம் பசந்த்

அன்று அங்கே இருந்தது நாலு பேர்: வீட்டுக்காரர், மரம் அறுக்க வந்தவர், என் மனைவி, நான். மந்தைவெளி வீட்டின் கொல்லைப்புறம், வெயில் ஏறுவதற்கு முன்.

வாடகை வீட்டில் யாராவது மாமரம் வைப்பார்களா? நான் வைத்தேன், இமாம் பசந்த் ஒட்டுக்கன்று. வீட்டுக்காரர் என்றைக்குக் காலி பண்ணச் சொல்வாரோ என்று எனக்கு எப்போதும் பயம். பழத்துக்கு ஆசைப்பட்டாவது எங்களை விட்டுவைப்பார் என்று ஒரு கணக்கு.

"வெச்சுக்கோ. பழம் ஆளுக்குப் பாதி" என்றார் வீட்டுக்காரர். எழுதி வாங்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன், பத்திரம் கித்திரம் என்றாலே உதறல்.

அது லேசில் காய்க்கிற ஜாதி இல்லை. பூத்தால் மழை வந்துவிடுமோ, பிஞ்சு விட்டால் காற்றடிக்குமோ என்று எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அணிலுக்குப் பயந்து, பழைய வேட்டியைக் கிழித்துக் காய்க்கு ஒரு பை தைத்துக் கட்டினேன். பழுத்தாலும் தோல் பச்சைதான். காம்பைச் சுற்றித் தோள் புடைத்திருக்கிறதா என்று தடவித்தான் பறிக்க வேண்டும். பறித்ததும் பெரிய பழமாகப் பார்த்துப் பாதியை அவர் எடுத்துப்போவார். "நம்ம மரத்துப் பழம்" என்று உறவுக்கெல்லாம் கொடுப்பார்.

இந்த வருஷம்தான் கிளை தாழக் காய்த்தது. இந்த வருஷம்தான் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டருக்குக் கொடுத்தார்.

"சார், ரெண்டு வாரம் விடுங்க. காய்க்குத் தோள் நெறயல" என்று கெஞ்சினேன்.

"மாங்காய்க்காக மெஷின் நிக்குமாய்யா?"

மரம் அறுப்பவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், மரத்துக்கே ஜட்டி போட்டு வுட்டுகீறீங்க?" ஒரு பையை அவிழ்த்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "பாவம் சார், நல்ல காயா கீது."

"நீ அறுய்யா" என்றார் வீட்டுக்காரர்.

விழுந்த காய்களை என் மனைவி வாளியில் பொறுக்கினாள். அரிசி டிரம்மில் புதைத்தும் பழுக்கவில்லை. தோல் சுருங்கி, கொட்டைவரை வெம்பிப்போயின.

சாவியைக் கொடுத்து வீட்டு அட்வான்ஸைக் கேட்டேன். எண்ணிக் கொடுத்ததில் ஒன்பதாயிரம் குறைந்தது.

"மரம் அறுத்த கூலி கழிச்சுட்டேன்."

"உங்க எடத்து மரம் சார்."

"வெச்சது நீதானே?"

பழம் பறிக்கையில் அவர் மரம். கூலி கொடுக்கையில் என் மரம். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "இவ்ளோ நாள் பயந்தியே, இன்னாத்த காப்பாத்துன?"

இப்போது தரமணியில் மாடிப் போர்ஷன். தொட்டியில் துளசிகூட வைக்கவில்லை. போன் அடித்தால் வீட்டுக்காரர் எடுப்பதில்லை. இன்னும் வர வேண்டியது ஒன்பதாயிரம் ரூபாய்.