கடைசி பஸ்ஸில் வந்த பை

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுப் பதிவதும், யார் எந்தச் சரிவில் பழம் பறித்தார்கள் என்று எழுதி வைப்பதும் அவருடைய வேலை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன், இரண்டு பட்டம் வாங்கியவன். அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், கொரோனா வந்த நாட்களில் நான் செய்த காரியம் பயத்தில் செய்ததுபோலத் தெரியும். அந்த நாட்களில் பயத்தில் தவறு செய்தவர்கள் எத்தனையோ பேர். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் அல்ல.

நாகலூரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். கடைப்பக்கம் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். நான் கடந்து போகும்வரை பேச்சை நிறுத்தி வைத்திருப்பார்கள். ரைட்டரைக் கண்டால் யாரும் எழுந்திருப்பதில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேலை இல்லாத நேரம் அதிகம். அவர் வீட்டு வாசலில் கழற்றிவிட்டிருக்கும் செருப்புகளை என் ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பேன். ஆறு ஜோடி, எட்டு ஜோடி. என் வாசலில் என் செருப்பும் என் மனைவியின் செருப்பும்தான் கிடக்கும்.

என் மனைவி இதை அறியாதவள்போலப் பேசுவாள்.

"ஏனுங்க, ரைட்டரண்ணன் ஊட்டுக்குக் கொட்டச்சேட்டுல இருந்து பலாப்பழம் வந்திருக்குதுங்க. வாசம் இங்க வரைக்கும் வருது."

"பலாப்பழம் வேணும்னா கடைல வாங்கிக்கலாம்."

"கடைல வாங்குறதையா நான் சொன்னேன்?" என்றுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த மார்ச் மாதத்தில் செய்தி முதலில் தொலைக்காட்சியில்தான் இருந்தது. பிறகு மெல்ல மலை ஏறி வந்தது. ஏற்காட்டுக்கு வந்த சுற்றுலாக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கோழிக்கறி தின்றால் நோய் வரும் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் தெருவில் இரண்டு வாரம் கோழிக் குழம்பு வாசனையே இல்லை. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், வேப்பிலை செருகினார்கள். கடையில் ஒருவர் பத்து சோப்பு வாங்கினால் அடுத்தவர் பன்னிரண்டு வாங்கினார்.

நானும் வாங்கினேன். அரிசி இரண்டு மூட்டை, பதினான்கு சோப்பு, தீப்பெட்டி ஒரு கட்டு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு காப்பித்தூள் நான்கு கிலோ. எனக்கு முன்னால் நின்றவர் வாங்கினார் என்பதற்காகக் கொசுவர்த்திச் சுருள்கூட இரண்டு பெட்டி வாங்கினேன். நாகலூர்க் குளிரில் கொசுவர்த்தி கொளுத்தி நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் உள்ளறைப் பரணில் அடுக்கினேன். அடுக்கிவிட்டு ஜன்னலுக்குப் போய் ரைட்டர் என்ன வாங்கிக்கொண்டு வருகிறார் என்று பார்ப்பேன். என் பரண் நிறைவது எனக்கு முக்கியமாக இல்லை. அவருடையதைவிட நிறைய வேண்டும், அவ்வளவுதான்.

அவர் எதையும் ஓடி ஓடி வாங்கவில்லை. எப்போதும் வாங்குவதையே வாங்கினார். ஆனால் மலைக்காரர்கள் தலைச்சுமையாகச் சாமையும் கேழ்வரகும் கொண்டுவந்து அவர் வீட்டில் இறக்கினார்கள். ரைட்டர் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர், ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனவர். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் வாசலில் நின்றே, "அடைப்பு எத்தன நாளைக்கோ தெரியலீங்க. கைக்கொழந்த இருக்கற ஊடு, வெச்சுக்கோங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. என்னிடம் இரண்டு மூட்டை அரிசி இருந்தது. அது எனக்குக் கல்லாகத் தெரிந்தது.

அந்தக் கைக்குழந்தை ரைட்டரின் பேத்தி. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது; ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தாய்க்குப் பால் போதவில்லை. பசும்பால் கொடுத்தால் கக்கிவிடுகிறது என்று, சேலம் டாக்டர் ஒரு குறிப்பிட்ட பால் பவுடரை எழுதிக் கொடுத்திருந்தார். குழந்தை அந்த டின் பாலில்தான் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் சாமான் வாங்க எல்லாரும் ஏற்காட்டுக்குப் போவதில்லை. பையில் சீட்டு எழுதிப் போட்டுக் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். ஏற்காட்டு மளிகைக்கடைக்காரர் சாமானைக் கட்டி, மருந்து வேண்டுமென்றால் பக்கத்து மெடிக்கலில் வாங்கி, அதே பையில் சீட்டோடு வைத்து மாலை பஸ்ஸில் அனுப்புவார். கண்டக்டர் பைகளை ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போவார். எல்லாம் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைகள். பிடியில் கட்டிய நூலோ துணியோதான் அடையாளம். எங்களுடையதில் நீல நூல், ரைட்டருடையதில் சிவப்பு. அடுத்தவர் பையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆள் வராத பையை ஸ்டாப்புத் தூணில் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுவார்கள். இரண்டு நாள் தொங்கினாலும் அதில் ஒரு மிளகாய் குறையாது. எப்போதாவது பை மாறிப்போகும். சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள்.

ஊரடங்கால் அன்று மாலையோடு பஸ் நின்றுவிடும் என்று தெரிந்ததும், ஊரே பை அனுப்பியது. நான் இரண்டு பை அனுப்பினேன். பஸ் வரும் நேரத்துக்கு முன்பே ஸ்டாப்பில் போய் நின்றேன். கண்டக்டர் பைகளைக் குவியலாக இறக்கினார்.

"எல்லாம் பாத்து எடுத்துக்கோங்க சாமி. இனி நம்ம வண்டி எப்போ வரும்னு எனக்கே தெரியாது."

என் பைகள் இரண்டும் பாதிகூட நிரம்பவில்லை. வீட்டுக்கு ஒரு கிலோதான் சர்க்கரை, ஒரு கிலோதான் பருப்பு என்று சீட்டின் ஓரத்தில் கடைக்காரர் எழுதியிருந்தார். அவரும் என்னிடம் படித்தவர். சிவப்பு நூல் கட்டிய பை மட்டும் வாய் மூட முடியாமல் புடைத்து நின்றது.

வாத்தியாருக்கு ஒரு கிலோ, ரைட்டருக்குப் பை நிறைய. என் மனதில் ஓடியது அதுதான். வேறு எதுவும் ஓடவில்லை. ஆட்கள் குனிந்து அவரவர் பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் என் பை ஒன்றையும் சிவப்பு நூல் பையையும் எடுத்தேன். என் இன்னொரு பையை அங்கேயே விட்டேன். கேட்டால் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற கணக்கு அந்த நொடியிலேயே இருந்தது. சிவப்பு நூலை விரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பையை உள்ளறையில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ரைட்டர் வாசலுக்கு வந்தார். துண்டால் வாயை மூடியிருந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"சார், எங்க பையக் காணோமுங்க. ஸ்டாப்புல ஒரு பை மீந்து கெடக்குது, நீல நூல் கட்டுனது. உங்களுதுங்களா?"

"இல்லீங்களே. எங்களுது ரெண்டும் வந்திருச்சுங்க."

"அப்பிடீங்களா. செரி, மத்த ஊட்டுல கேக்கறேனுங்க. அந்தப் பைய ஆணில மாட்டி வெச்சிருக்கறேன், யாராச்சும் தேடி வருவாங்க."

என் பையையே என்னுடையது இல்லை என்று சொன்னேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டார்.

பிறகுதான் பையைப் பிரித்தேன். மேலே ஒரு கிலோ சர்க்கரை, ஒரு கிலோ பருப்பு. எனக்கு வந்த அதே அளவு. அடியில் பால் பவுடர் டின் இரண்டு. பை புடைத்திருந்தது அதனால்தான்.

அப்போதே எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பொய் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பை மாறிவிட்டது, இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். ஆனால் அவர் முன்னால் போய்த் தலைகுனிந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. யாரிடமாவது ஒரு டின் இருக்கும், அவருக்குத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். டின்களைப் பரணில் சோப்புகளுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போவது தெருக்கோடி வரை கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ரைட்டர் காலி டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்காட்டுக்கு நடக்கத் தொடங்கினார். பஸ் இல்லை, ஜீப் இல்லை. எழுபதை நெருங்கியவர், மேடும் இறக்கமுமான பாதை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதல் மழை பெய்து காப்பி பூத்திருந்தது. சரிவெல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே அவர் போனார். நான் கூப்பிடவில்லை.

பத்து மணி வாக்கில் என் மனைவி சோப்பு எடுக்கப் பரணில் கை விட்டாள். டின்னோடு இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போய், விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இரண்டு டின்னையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"எங்க பையோட மாறி வந்திருச்சுங்க. இவரு பிரிச்சே பாக்காம வெச்சுட்டாரு. இப்பத்தான் பாத்தேன். மொதல்ல கொழந்தைக்குக் கலக்குங்க."

"அய்யோ, அதுக்கென்னக்கா, இப்பவாச்சும் பாத்தீங்களே! உங்களுக்குத்தான் நொம்ப செரமம். அவருதான் பாவம், தெரியாம நடந்து போயிட்டாரு" என்று ரைட்டரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் சத்தம் நின்றது.

என் மனைவி திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்குச் சோறு போட்டாள்.

ரைட்டர் சாயங்காலம்தான் வந்தார். பால் டின் கிடைக்காமல் வந்தார். ஏற்காட்டுக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ் அவரை வெகுநேரம் நிறுத்தி வைத்ததும், காலி டின்னைக் காட்டிய பிறகு விட்டதும், மெடிக்கல்காரர் "கடைசி ரெண்டு டின்ன நேத்தே உங்க பைல போட்டு அனுப்பிச்சுட்டமுங்களே" என்று சொன்னதும் பிறகு அவர் மனைவி வழியாகத் தெரிந்தது. தம் வீட்டுக்குள் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் என் கேட்டுக்கு வந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்து அதைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கையில், ஸ்டாப்பு ஆணியில் மாட்டியிருந்த என் நீல நூல் பை.

"சார், இது உங்க பைதானுங்க. மன்னிச்சுக்கோணும். ஆருதுன்னு தெரியோணுமேன்னு உள்ள இருந்த சீட்டப் பிரிச்சுப் பாத்துட்டனுங்க. உங்க எழுத்தா இருந்துச்சு."

அடுத்தவர் பையைப் பிரித்ததற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். அவர் காத்திருந்தார். நான் ஏதாவது சொல்வதற்கு இடம் கொடுத்துக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அவரே சொன்னார்.

"பை மாறுறது நம்மூருல வழக்கந்தானுங்களே."

"ஆமாங்க" என்றேன். "நானுங் கவனிக்கலீங்க."

"செரிங்க சார். பாப்பா குடிச்சுட்டுத் தூங்குது" என்றுவிட்டு ஒரு காலில் செருப்போடு போனார்.

இதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். மறுநாள் தெருவெல்லாம் அவர் நடந்த கதைதான். இந்த வயதில் பேத்திக்காக ஏற்காடு போய் வந்தார் என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். நான் தெரிந்தே நடக்கவிட்ட நடை அது. அதற்கும் அவருக்குப் பெயர் வருகிறதே என்று என் வயிறு எரிந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. என் பரணில் அரிசிக்கு வண்டு வந்தது. என் மனைவி அதைப் புடைத்துப் புடைத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கொடுத்துத் தீர்த்தாள்.

அவளிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன், பை மாறவில்லை, தெரிந்துதான் எடுத்தேன் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்களா? எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. அவருகிட்டச் சொல்லுங்க."

சொல்லப் போயிருக்கிறேன், இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அவர் வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "வாங்க சார்" என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிடும். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிடுவேன். வருடங்கள் இப்படியே போய்விட்டன. எனக்கு எண்பது நெருங்குகிறது. அவர் ஒன்றிரண்டு வயதுதான் இளையவர்.

அதனால்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், அவர் படிக்கும்போது நான் எதிரில் இருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். நேற்று என் மனைவிதான் நினைவுபடுத்தினாள். ரைட்டருக்குப் போன வருடத்திலிருந்து கண் சரியாகத் தெரிவதில்லை. வருகிற கடிதத்தையெல்லாம் யாராவது வாசித்துத்தான் காட்டுகிறார்கள். இந்தத் தாள்களை வேறு யார் கையிலும் கொடுக்க முடியாது. காலை வேளையில் மற்றவர்கள் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். நாளை அந்த நேரத்துக்குப் போய், முதல் வரியிலிருந்து நானே அவருக்கு வாசிக்க வேண்டும்.