தாலிக்கு முன் வந்த வரிப் படிவம்

சிங்கப்பூரில் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் இரண்டு முறை நடக்கும். முதலில் பதிவு, அது வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைப்பதற்காக. பல மாதம் கழித்துக் கோயில், அதுதான் கல்யாணம். இடைப்பட்ட காலத்தில் அவரவர் அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும். நானும் அவனும் ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டோம். தேக்காவில் பிரியாணி சாப்பிட்டோம். பிறகு ஆளுக்கொரு ரயில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தோம்.

புக்கிட் பாத்தோக்கில் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் வம்பு ஆரம்பித்தது. தை மாதம்தான் கோயிலில் தேதி. அதுவரை வீடு சும்மா கிடப்பானேன் என்று குடி போய்விட்டோம். அம்மா இரண்டு வாரம் பேசவில்லை. பேசியபோது, "தாலி ஏறல, அதுக்குள்ள ஒரே வீட்ல. கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றார்.

"ரெஜிஸ்டர் பண்ணியாச்சேம்மா."

"அது வீட்டுக்குப் பண்ணது."

ஆக, அரசாங்கத்துக்கு நாங்கள் தம்பதி. அம்மாவுக்குக் கல்யாணமாகாமல் சேர்ந்து வாழும் ஜோடி. எனக்கு எது வசதியோ அது.

ஆகஸ்டில் அவனுக்கு வேலை போனது. கோயில் தேதியைத் தள்ளிப்போடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். செலவைக் காரணம் காட்டினேன், தை மாதத் தேதி தள்ளிப்போனது. அவன் விண்ணப்பம் போட்டான், சமைத்தான், என் ஆபீஸ் சட்டைகளைத் தேய்த்து மாட்டினான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. தஞ்சோங் பகாரில் வேலை முடிந்ததும் நேராக வீடு போகப் பிடிக்காது. லிட்டில் இந்தியாவில் இறங்கி, வாங்கப்போகாத பட்டுப் புடவைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கால் கடுக்கச் சுற்றுவேன்.

மார்ச்சில் போன வருட வருமானத்துக்கான வரிப் படிவம் வந்தது. இந்த ஊரில் கணவன் மனைவியானாலும் தனித்தனிப் படிவம்தான், சேர்ந்து போட வழியில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். மண நிலை என்ற இடத்தில் 'திருமணமாகாதவர்' என்பதை அழுத்தி, அனுப்பியும் விட்டேன்.

தண்ணீர் கொண்டுவந்த அவன் திரையைப் பார்த்துவிட்டான்.

"அப்ப நான் யாரு? ஹவுஸ்மேட்டா?"

"கோயில்ல இன்னும் ஆகலல்ல. அம்மா சொல்ற மாதிரி…"

"டேக்ஸ் ஆபீஸ்ல போயி உங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு லா."

அவன் கத்தவில்லை. பாத்திரம் கழுவப் போனான். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அம்மா சொன்ன எதை நான் கேட்டிருக்கிறேன்? இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டேன்? பதில் தெரிந்தபோது என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அனுப்பியதைத் திருத்த அவகாசம் இருந்தது. மறுபடி திறந்து 'திருமணமானவர்' என்று மாற்றினேன். மனைவியோ கணவனோ வருமானமில்லாமல் இருந்தால் கிடைக்கும் வரிக்கழிவு பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒன்னும் குறையல. ஆகஸ்ட் வரைக்கும் நீ வாங்குன சம்பளமே லிமிட்டைத் தாண்டிருச்சு. ரிலீஃப் கிடைக்காது."

"அப்ப எதுக்கு மாத்தின?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அம்மாவுக்காக அப்படிப் போடல. உன்னை விட்டுப் போயிடலாமான்னு நெனச்சுட்டு இருந்தேன். இத்தனை மாசமா."

அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தெரியும்" என்றான். "அதனாலதான் கோயில் தேதி பத்தி நான் ஒரு தடவகூட உன்னைக் கேக்கல."