தியாகராய நகரில் தனபாலனுக்கு மட்டும் வந்த பூகம்பம்

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தனபாலன், காசு கொடுத்து வாங்கிய எதையும் பயன்படுத்தாமல் விட்டவர் அல்லர். பல் துலக்கும் பசைக்குழாயைக் கத்தரியால் பிளந்து வழித்தெடுத்த பிறகே குப்பையில் போடுவார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இருபது ஆண்டுகளுக்குள் கடை ஒன்றும் சொந்த வீடு ஒன்றும் கண்டவர். இவற்றுக்கெல்லாம் காரணம் தம் மூளையே என்பதில் அவருக்கு ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை. மற்றவர்களுக்கு எழுந்ததுண்டு.

1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் நிலம் நடுங்கி வீடுகள் சரிந்த செய்தியை நாளிதழில் படித்தவர், மறுவாரமே காப்பீட்டு முகவர் அம்பியை மயிலாப்பூரிலிருந்து வரவழைத்தார். வீட்டுக்குத் தீ விபத்துப் பாலிசி ஏற்கெனவே இருந்தது. சிறிது கூடுதலாகக் கட்டினால் பூகம்பத்தையும் அதில் சேர்க்கலாம் என்றார் அம்பி.

"கொஞ்சந்தானா? ஏன்வே அவ்வளவு மலிவு?"

"மெட்ராஸ்ல அதெல்லாம் வராதுன்னு கம்பெனிக்காராளுக்குத் தெரியும், மொதலாளி. வர்ற ஊரா இருந்தா பிரீமியத்தைத் தீட்டிடுவா."

"வராதுன்னா நான் எதுக்கு வாங்கணும்?"

"வந்துட்டா?"

இந்த ஒற்றைச் சொல்லிலேயே தனபாலன் பணத்தைக் கட்டினார். கட்டிய நாள்முதல் அது அவரை உறுத்தத் தொடங்கியது. ஒன்பது மாதங்கள் கழிந்தும் பூமி தன் கடமையைச் செய்யவில்லை.

அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கு வந்து இறங்கிய துணிமூட்டைகளுக்குக் கடையில் இடம் போதவில்லை. வெளியே கிடங்கு எடுத்தால் வாடகை கொடுக்கவேண்டும். ஆகவே வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு நிலவறை தோண்டிவிடுவதென்று முடிவு செய்தார். பொறியாளரைக் கேட்டால் அவர் கூலி வாங்குவார் என்பதால் கேட்கவில்லை. கேளாமலேயே சொன்னவர் சிந்தாதிரிப்பேட்டை மேஸ்திரி அங்கமுத்து.

"மொதலாளி, அஸ்திவாரத்தாண்ட இவ்ளோ ஆழம் தோண்டினா செவுரு நிக்காது. சொல்லிட்டேன்."

"நீ மேஸ்திரியா, ஜோசியனா? வெட்டுவே."

அங்கமுத்து வெட்டினார். நவராத்திரியின் மூன்றாம் நாள் காலையில், மேற்குச் சுவரில் தரையிலிருந்து உத்திரம்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. கையை நுழைக்கும் அளவுக்கு அது வாய் பிளந்திருந்தது. சுவரை இடித்துக் கட்டியாக வேண்டும். தவறினால் மாடி இறங்கிவிடும்.

வேறொருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். தனபாலனோ பாலிசியைத் தேடி எடுத்தார். மாலைக்குள் கம்பெனிக்குப் பதிவுத் தபாலும் போய்விட்டது. அன்று காலை ஆறு மணிக்கு வீடு ஒரு நிமிடம் முழுவதும் பயங்கரமாகக் குலுங்கியதாகவும், கட்டிலில் படுத்திருந்த தம்மை அது தரையில் உருட்டியதாகவும் எழுதியிருந்தார். ஒரு கோடு போடச் சொன்னால் கோலமே போடுகிற கை அவருடையது.

கம்பெனியார் வழக்கம்போலத் தாமதமாகத் தீபாவளிக்குப் பிறகே வருவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் தபால் போன நான்காம் நாளே கடிதம் வந்தது: மறுநாள் காலை மதிப்பீட்டாளர் ஷாஹுல் ஹமீது நேரில் பார்வையிடுவார்.

அதைப் படித்த பிறகுதான் தனபாலன் மேற்குச் சுவர் இருந்த கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். விரிசலுக்கு இரண்டடி தள்ளி, ஏழு படிகளில் மனைவி தங்கபுஷ்பம் வைத்த கொலு நிமிர்ந்து நின்றது. ஊரில் அவர்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமில்லை. எதிர்வீட்டு மாமியின் ஐந்து படியைப் பார்த்த பின்பு வந்த பக்தி இது.

"ஏட்டி, பொம்மையெல்லாம் எடுத்து உள்ள வைப்போம்."

"விஜயதசமி வரைக்கும் கொலுவைத் தொடக்கூடாதுங்க."

"சரி, நாலஞ்ச மட்டும் கீழ சாய்ச்சு வைக்கேன். கம்பெனிக்காரன் வாரான்."

"வேணும்னா நீங்க சாஞ்சு படுங்க. சாமியைச் சாய்க்க நான் விடமாட்டேன்."

விடவுமில்லை. காவலுக்கு அன்றிரவு கூடத்திலேயே பாய் விரித்துவிட்டாள்.

ஷாஹுல் ஹமீது மெலிந்த மனிதர், பேச்சிலும் சிக்கனம். விரிசலை அளந்தார். பிறகு கொலுவின் முன் நெடுநேரம் நின்றார். ஒற்றைக் காலில் காளிங்கன்மேல் ஆடும் கண்ணன். படியின் விளிம்பில் கண்ணாடி மயில்கள். செட்டியார் பொம்மையின் கடையில் துவரை, உளுந்து, கடுகு என்று விரல்நுனி அளவுக் குவியல்கள். தலையாட்டிப் பொம்மையை விரலால் மெல்லத் தொட்டார். அது ஆமாம், ஆமாம் என்று வெகுநேரம் ஆடியது.

"இதெல்லாம் என்னிக்கு வச்சதும்மா?"

தங்கபுஷ்பத்துக்கு முகம் மலர்ந்தது. "அமாவாசை அன்னைக்கு சார். வச்சது வச்சபடி. ஒண்ணுகூட அசையல. எதிர்வீட்டு மாமியே கேட்டாவ, எப்படித்தான் இவ்வளவு நேரா அடுக்குதியன்னு."

தனபாலன் இருமினார். பயனில்லை.

"உங்களையே உருட்டிவிட்ட பூகம்பம், இந்தக் கடுகைத் தொடலையே முதலாளி."

"அது... சாமி காரியம் பாருங்க."

"அப்ப இனிமே கட்டிலையும் இந்தப் படிமேலேயே போட்டுக்குங்க" என்ற ஷாஹுல் ஹமீது, குறிப்பேட்டை மூடினார். பலகையிட்டு மறைத்த நிலவறையைப் பார்க்கும் தேவையே அவருக்கு ஏற்படவில்லை. தங்கபுஷ்பம் கொடுத்த சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்த கடிதம் விஜயதசமி முடிந்த கையோடு வந்தது. அங்கமுத்து நிலவறையில் மணலைக் கொட்டி மூடி, சுவரை இடித்துக் கட்டினார். துணிமூட்டைகள் வாடகைக் கிடங்குக்குப் போயின.

ஜனவரியில் பாலிசியைப் புதுப்பிக்க அம்பி வந்தபோது, தனபாலன் பூகம்பம் என்ற வரியைத் தம் கையாலேயே அடித்தார். "சுத்த ஏமாத்து வேலைவே" என்றார். அதன் பிறகு கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், அந்தக் கம்பெனியை நம்பி எவரும் வீடு கட்டவேண்டாம் என்று எச்சரித்துவந்தார். துணி வாங்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.