அறுபது முழக் கயிறு

பேபி எந்த ஆபீசுக்குப் போனாலும் மனுவை எடுப்பதற்கு முன்னால் கயிற்றைத்தான் எடுப்பாள். ஒரு நுனியைக் குமாஸ்தாவின் கையில் திணிப்பாள். "புடி சார், கெட்டியா புடி." மறு நுனியோடு வாசல் தாண்டி, டீக்கடை வரைக்கும் நடந்துபோய் அங்கிருந்து கத்துவாள்: "இம்மாந்தூரந்தான் சார்! இத்தத் தோண்ட எத்தினி வருசம் ஆவும் உங்களுக்கு?"

அறுபது முழம். சென்னைக்கு மேற்கே, நூம்பல் ஏரிப் பக்கம் தோண்டாமல் விட்ட கால்வாயின் நீளம். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுபோய் அவளே அளந்தது.

பேரப்பிள்ளை எடுத்த பிறகும் பெயர் பேபிதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் போல்ட்டுகளைத் தரம் பிரிக்கிறாள். பக்கத்து ஸ்டூலில் ஜெயகுமாரி. பேபிக்கு அம்மன் கோயில் தெரு, ஜெயகுமாரிக்கு மாதா கோயில் தெரு. நடுவில் ரோடு, ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய். மழை பிடித்தால் ஏரித் தண்ணீர் முதலில் பேபி தெருவில் ஏறும். குழாய் வழியாக ஜெயகுமாரி தெருவுக்குப் பாயும். கால்வாய் தோண்டாததால் அதற்குமேல் போக வழி கிடையாது. மாதா கோயில் தெருக்காரர்கள் மணல் மூட்டை வைத்துக் குழாயை அடைப்பார்கள், அம்மன் கோயில் தெருக்காரர்கள் கடப்பாரையால் குத்தித் திறப்பார்கள். எண்பத்தைந்தாம் வருஷத்து மழையிலிருந்து வருடா வருடம் இதே ரகளை. போன ஐப்பசியில் ஜெயகுமாரியின் தம்பி செபாஸ்டியன் வீசிய கல்லில் பேபியின் புருஷன் வேம்புலிக்கு ஒரு கண் போயிற்று.

அவள் பக்கத்தில் எப்படி உட்காருகிறாய் என்று பட்டறையில் கேட்டால் பேபிக்குச் சுள்ளென்று வரும். "கல்லு வுட்டவன் அவ தம்பி. அவ இன்னா பண்ணுவா? அவ ஊட்லயும் தண்ணிதான கீது?"

சர்க்கார் சும்மா இருக்கிறதா? ஐயோ, இல்லை! நிவாரண அரிசிக்கு ஒரு ஆபீஸ், கால்வாய்க்கு ஒரு ஆபீஸ், சமாதானத்துக்கு ஒரு ஆபீஸ். கால்வாய் என்றால் அரிசிக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கால்வாய்க்காரரோ, "முதல்ல ரெண்டு தெருவும் ராசியாகட்டும், அளக்க வந்தா அடிக்கிறாங்க" என்பார். சமாதானக்காரர் தண்ணீர் வடிந்த பிறகுதான் தலைகாட்டுவார். வெட்கமாக இல்லையா இவர்களுக்கு? எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

"துன்றதுக்கு ஒருத்தன் குடுக்கறான். சண்ட போடாதன்றான் இன்னொருத்தன். சண்டயே அந்தத் தண்ணியாலதான்னு ஒருத்தனுக்கும் ஒறைக்கல" என்பாள் பேபி.

அடுத்த மழைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இரண்டு பெண்களும் லீவு போட்டு அலைந்து, போன வாரம் மூன்று அதிகாரிகளையும் ஒரே நாளில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துவிட்டார்கள். நானும் போயிருந்தேன். அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. போட்டோக்காரர் தயாராக நின்றார்.

"ரெண்டு பேரும் கை குடுங்கம்மா, போட்டோ எடுத்துடலாம்" என்றார் சமாதான அதிகாரி.

"நாங்க டெய்லி ஒரே டப்பால துன்றோம் சார். கை இன்னாத்துக்கு?" என்ற பேபி, கயிற்றின் நுனியைக் கால்வாய் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் கயிறு தொய்ந்தது. அவர் நுனியைத் தரையில் போட்டுவிட்டுக் காபி டம்ளரை எடுத்திருந்தார்.

பேபி திரும்பி வந்தாள். குனிந்து, நுனியை எடுத்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு கால்வாய்ப் பக்கம் திரும்பிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஜெயகுமாரி எழுந்துபோய் அவளுக்குப் பின்னால் கயிற்றில் கை வைத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.