முள் நிற்கும் இடம்

என் வீட்டுக்காரருக்குப் பழைய கார் ரேடியோ என்றால் உயிர். என்னைப் பார்த்து ஒரு நாளும் அப்படிக் கண் விரிந்ததில்லை, போகட்டும். சாக்கில் வந்து விழும் துருப்பிடித்த பெட்டியை எடுத்து, திருகுகிற குமிழ் இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து அளப்பார். அடியில் நகத்தால் சுரண்டுவார். "இது வால்வு செட்டு, பெரிய காருக்குன்னே போட்டது" என்பார். பெயர்த் தகடு இல்லாவிட்டாலும் கம்பெனியைச் சொல்லிவிடுவார். அவர் கைபட்டால் புது மாப்பிள்ளை மாதிரி பளபளக்கும். எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே கிடக்கும். அதைக் கேட்க நாதியில்லை.

பட்டன் வைத்த ரேடியோ கிடைத்தால் ஒரு வேடிக்கை காட்டுவார். பிடித்த ஸ்டேஷனில் முள்ளை நிறுத்தி, ஒரு பட்டனை வெளியே இழுத்து உள்ளே அழுத்தினால் அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை வருஷம் கழித்து அழுத்தினாலும், கரண்டே இல்லாவிட்டாலும், முள் ஓடிப்போய் அங்கேயே நிற்கும். அதை வைத்தே கார் கடைசியாக எந்த ஊரில் ஓடியது என்று சொல்லிவிடுவார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இந்தக் கிறுக்கு இவருக்குத் தன் அக்காவால் வந்தது. அந்த அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியின் புருஷன் ஒரு நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனவர்தான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆளும் திரும்பவில்லை, காரும் திரும்பவில்லை. அண்ணிக்கு இப்போது தலை முழுக்க நரை. தையல் மெஷினை மிதித்தே காலத்தை ஓட்டிவிட்டார். வீடு மாற்றவில்லை, போன் நம்பர் மாற்றவில்லை. "எங்கயோ பள்ளத்துல விழுந்திருப்பாரு. உயிரோட இருந்தா வராம இருப்பாரா?" என்பார். அப்படித்தான் ஆயிற்று என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அது தெரியாமல் மனுஷியால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

"என்னைக்காவது அந்தக் காரை உடைப்பாங்கக்கா. ரேடியோவைத் தனியா கழட்டி விப்பாங்க. அது என் கைக்கு வரும்" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் வந்தேவிட்டது. பழைய இரும்புக்கடைக்காரர் கொட்டிய சாக்கில் கிடந்தது. முகத்தகட்டின் இடது மூலை அரத்தால் கோணலாக ராவப்பட்டிருந்தது. காரில் பொருந்தவில்லை என்று பத்தொன்பது வயதில் இவரே ராவிக் கெடுத்த மூலை.

"இது அத்தான் வண்டி ரேடியோடி" என்றார்.

இரும்புக்கடைக்காரரைக் கேட்டோம். "கை மாறி மாறி வந்த சரக்குங்க, எந்த ஊருன்னு தெரியாது. கடைசி வரைக்கும் ஒரே ஆள் ஓட்டின காருன்னு மட்டும் சொன்னாங்க" என்றார்.

இவர் பட்டன்களை அழுத்தினார். முள் போய் நின்ற இடமெல்லாம் ஏதோ ஒரு தூரத்துத் துறைமுக நகரத்து ஸ்டேஷன்கள். நம் ஊருடையது ஒன்றுகூட இல்லை.

"படுபாவி! நிம்மதியா உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தியிருக்கான்" என்று கத்தினேன். இவர் ஒவ்வொரு பட்டனாக இழுத்து, நம் ஊர் ஸ்டேஷன்களுக்கே முள்ளைக் கொண்டுவந்து அழுத்த ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா இரு. அக்கா நிம்மதியா அழுதுட்டுப் போகட்டும்."

மத்தியானம், ரேடியோ கிடைத்த சேதி கேட்டு அண்ணி வந்தார். தம்பியின் வித்தை அவருக்குத் தெரியும். கேட்காமலே முதல் பட்டனை அழுத்தினார். முள் நம் ஊர் ஸ்டேஷனில் நின்றது. இரண்டாவதும் அப்படியே. "மாத்தவே இல்ல பாரு. மாத்த நேரமே இருந்திருக்காதுடா அவருக்கு" என்று சொல்லும்போதே உடைந்து அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதை அழுத்தினார். முள் ஆடாமல் நின்றது. மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"இது நிக்காதேடா. வழுக்கி வழுக்கிப் போகும். போற வழியெல்லாம் நான்தானே விரலை வச்சுப் பிடிச்சுக்கிட்டே வருவேன்?"

இவர் தலை தொங்கிவிட்டது. கோளாறைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாத பாழாய்ப்போன கை! பொய் சொல்ல உட்கார்ந்த நேரத்திலும், உள்ளே தளர்ந்திருந்ததை முறுக்கிச் சரிசெய்து வைத்திருக்கிறது.

"நீ தொடறதுக்கு முன்னாடி முள்ளு எங்க நின்னுச்சு?" என்று அண்ணி கேட்டார்.

சொன்னார். ஊரையும் சொன்னார். அண்ணி அந்த ரேடியோவைத் தூக்கிப் போட்டு உடைப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் உடைத்திருப்பேன்.

"திரும்ப அங்கயே வை."

"அவ்வளவு தூரத்து ஸ்டேஷன் இங்க எடுக்காதுக்கா. வெறும் இரைச்சல்தான் வரும்."

"வைடா."

பேட்டரியை மாட்டி, முள்ளை அங்கேயே வைத்தார். இரைச்சல்தான் வந்தது. அண்ணி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் வருமென்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏக்கம்தான் இருந்தது.

"அந்த ஊர்ல என்னடா பாட்டு போடுவாங்க?" என்றார்.